பழம் கப்பல் ஏறியது, குடிதண்ணீர் லாரியில் வந்தது



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு, இதெல்லாம் நமக்கு இப்போது அத்துப்படி. இந்த மாதப் பாடம் தண்ணீர்க் கணக்கு. "ஏற்றுமதிக்குப் பழத்தோட்டம் போடப் போறோம், நிலத்தைக் குத்தகைக்குக் கொடுங்க" என்ற பேச்சு பல ஊர்களில் கேட்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை வருடம் என்று நாம் கேட்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஓர் இடம் பெரிய பாடமாக இருக்கிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கும்படி இதை எழுதியிருக்கிறோம்.

எந்த ஊர்? என்ன பழம்?

தென் அமெரிக்கா கண்டத்தில் சிலி என்று ஒரு நாடு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆண்டிஸ் மலை, நடுவில் ரிப்பன் மாதிரி நீளமான தேசம். அதன் தலைநகரம் சான்டியாகோ. அதற்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் பெடோர்கா என்ற வறண்ட பகுதி இருக்கிறது. பெடோர்கா ஆறு, லா லிகுவா ஆறு என்று இரண்டு ஆறுகள். காலங்காலமாக அங்கே சிறு விவசாயிகள் பள்ளத்தாக்கில் காய்கறியும் பழமும் விளைவித்தார்கள். மலையில் ஆடு மேய்த்தார்கள். மலைச்சரிவு முழுக்க முள்ளும் புதருமான காடுதான்.

பழம் என்னவென்றால், நம்ம கொடைக்கானல் பக்கம் காப்பித் தோட்டத்தில் விளைகிற பட்டர் ப்ரூட். வெண்ணெய்ப் பழம் என்றும் சொல்வோம். அதில் 'ஹாஸ்' என்று ஒரு ரகம். தோல் கெட்டியாக இருப்பதால் வாரக்கணக்கில் கப்பலில் போனாலும் தாங்கும். ஐரோப்பாவில் குளிர்காலம் நடக்கும்போது சிலியில் கோடைகாலம். அந்த நாட்டுக் கடைகளில் பழம் கிடைக்காத நேரத்தில் இங்கிருந்து அனுப்பினால் நல்ல விலை. 1990-களில் பெடோர்காவில் இந்தத் தோட்டங்கள் வேகமாகப் பெருகின.

தண்ணீருக்குத் தனிப் பட்டா

நமக்கு நிலத்துக்குப் பட்டா உண்டு. தண்ணீருக்குத் தனியாகப் பட்டா என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சிலியில் உண்டு.

1973-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ராணுவ ஆட்சி 1981-ல் ஒரு தண்ணீர்ச் சட்டம் போட்டது. அதன்படி நிலம் வேறு, தண்ணீர் வேறு. ஆற்றிலோ நிலத்தடியிலோ இத்தனை லிட்டர் எடுத்துக்கொள்ளும் உரிமையை, விண்ணப்பம் போட்டவருக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. அதற்கு விலை கிடையாது, இலவசம். கால வரம்பும் கிடையாது. வாங்கியவர் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், நிலம் இல்லாமலேயே தண்ணீர் உரிமையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

"எல்லாருக்கும் பொதுவான சட்டம்தானே, யார் வேணும்னாலும் விண்ணப்பம் போடலாமே?" என்று கேட்கலாம். காகிதத்தில் அப்படித்தான். ஆனால் சட்டம் தெரிந்தவர், வக்கீல் வைத்திருந்தவர், அலுவலகத்துக்கு நடக்க முடிந்தவர் முதலில் போய் எழுதி வாங்கிவிட்டார். "இது எங்க பாட்டன் காலத்து வாய்க்கால், இதுக்கு என்ன பத்திரம்?" என்று இருந்த சிறு விவசாயிகள் பலர் பதிவே செய்யவில்லை. வேறு சிலர் கஷ்ட காலத்தில் தண்ணீர் உரிமையை விற்றார்கள். நிலம் அவர்களிடமே இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழத்தோட்டம் ஏன் மலை ஏறியது?

பட்டர் ப்ரூட் மரத்துக்குப் பனியும் ஆகாது, வேரில் தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கும், சரிவில் அவ்வளவு குளிர் இருக்காது. சரிவில் தண்ணீரும் தேங்காமல் வடிந்துவிடும். மலைச்சரிவு நிலம் விலையும் மலிவு. ஒரே ஒரு குறை, அங்கே தண்ணீர் கிடையாது.

அந்தக் குறையை மோட்டாரும் குழாயும் தீர்த்தன. பள்ளத்தாக்கில் ஆற்றோரம் ஆழமாகக் கிணறும் போரும் போட்டு, தண்ணீரை மலைமேல் ஏற்றி, பெரிய தொட்டிகளில் தேக்கி, சொட்டு நீரில் மரத்துக்கு விட்டார்கள். பாசன வேலைக்கு 75 சதவீதம் வரை மானியம் தருகிற சட்டமும் 1985-லேயே வந்திருந்தது. வரைபடம், திட்ட அறிக்கை, இன்ஜினியர் என்று தயார் செய்ய முடிந்தவர்களுக்கு அந்த மானியம் கைக்கு எட்டியது.

காட்டுப் புதரை வெட்டி, சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் பிடித்து மரம் நட்டார்கள். மழை பெய்தால் அந்தப் பார்களின் நடுவில் மண் அரித்துக்கொண்டு ஓடும். நம்ம ஊரில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மண்ணைக் காப்பாற்றுவோம் இல்லையா, அதற்கு நேர் எதிர். ஆடு மேய்ந்த இடமும் போனது, மண்ணும் போனது.

சொட்டு நீர் போட்டால் தண்ணீர் மிச்சம்தானே?

இது நல்ல கேள்வி. சொட்டு நீரில் ஒரு மரத்துக்குச் செலவாகும் தண்ணீர் குறையும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மிச்சமானது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் குழுவில் ஒரு சகோதரி மாதம் 500 ரூபாய் செலவைக் குறைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சேமிப்பில் போட்டால் சேமிப்பு ஏறும். அதை நம்பி இன்னொரு கடன் வாங்கினால்? கையில் மிச்சம் இருக்காது, பாரம்தான் ஏறும். பெடோர்காவில் நடந்தது இதுதான். மிச்சமான தண்ணீர் ஆற்றில் விடப்படவில்லை. அதை வைத்து இன்னும் மேலே, இன்னும் பல ஏக்கரில் மரம் நட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் தண்ணீர் மண்ணில் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளில் ஊறும். சொட்டு நீரில் அந்த ஊற்றும் குறைந்தது. சொட்டு நீர் நல்ல கருவிதான். ஆனால் மொத்தம் எத்தனை ஏக்கர் என்பதற்கு ஒரு எல்லை இருந்தால்தான் அது சேமிப்பு ஆகும்.

ஆறு தீர்ந்துவிட்டது என்று அரசாங்கமே சொன்னது

1997-ல் பெடோர்கா ஆறு 'தீர்ந்துபோன ஆறு' என்று அரசாங்கம் அறிவித்தது. அதாவது, இருக்கிற தண்ணீர் முழுவதற்கும் உரிமை எழுதியாகிவிட்டது, புதிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். 2004-ல் லா லிகுவா ஆற்றுக்கும் அதே அறிவிப்பு. ஆனாலும் நிலத்தடியிலிருந்து உறிஞ்சுவது நிற்கவில்லை.

2010-லிருந்து பெரிய வறட்சி வந்தது. ஆண்டுக்கு ஆண்டு வழக்கமான மழையில் 20 முதல் 40 சதவீதம் குறைந்தது. பத்து வருடத்துக்கு மேல் இது நீடித்தது. ஆகவே எல்லாப் பழியையும் பழத்தின்மேல் போடுவது நியாயம் இல்லை. மழையும் பொய்த்தது. ஆனால் மழை குறைந்தபோது யார் கிணறு முதலில் வற்றியது என்பதுதான் கேள்வி.

அந்தக் கிராமங்களில் குடிதண்ணீருக்கு மக்களே நடத்துகிற தண்ணீர்க் குழுக்கள் உண்டு. ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய், மாதக் கட்டணம். கிட்டத்தட்ட நம்ம குழு மாதிரியே கணக்கு நோட்டு, தலைவர், பொருளாளர் எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் கிணறு ஆழம் குறைவு. பக்கத்தில் பெரிய தோட்டக்காரர் இன்னும் ஆழமாகப் போர் இறக்கினால் நீர்மட்டம் கீழே போகும். ஆழமாகத் தோண்டப் பணம் இருப்பவருக்குத் தண்ணீர், இல்லாதவருக்குக் காய்ந்த கிணறு. திருட்டும் நடந்தது. 2011-ல் செயற்கைக்கோள் படம் எடுத்துப் பார்த்ததில், ஆற்றிலிருந்து தனியார் தோட்டங்களுக்கு மண்ணுக்கு அடியில் 60-க்கும் மேற்பட்ட சட்டவிரோதக் கால்வாய்கள் இருப்பதை அரசின் தண்ணீர்த் துறை கண்டுபிடித்தது.

கடைசியில் ஆற்றுப் படுகை காய்ந்து மண் பாதை ஆனது. மேலே மலை பச்சை, கீழே ஊர் பழுப்பு. குடிதண்ணீர் லாரியில் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்பதுதான் கணக்கு. லாரிச் செலவு அரசாங்கப் பணம், அதாவது மக்கள் வரிப்பணம். சிறு விவசாயிகளின் மரங்களும் பட்டுப்போயின. மரத்தை அடியோடு விட்டுவிட மனமில்லாமல், கிளைகளை வெட்டி, வெயில் தாக்காமல் தண்டுக்கு வெள்ளை அடித்து, மழைக்காகக் காத்திருந்தார்கள். ஆடுகள் செத்தன. இளைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நோட்டை எடுங்கள், இது பெண்கள் போட வேண்டிய கணக்கு.

1. ஒரு குடம் 15 லிட்டர். 50 லிட்டர் என்றால் சுமார் மூன்றேகால் குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதிலேயே. ஆட்டுக்கும் கோழிக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அதில் பங்கு இல்லை.

2. ஒரு கிலோ பட்டர் ப்ரூட் விளைய உலக சராசரியாகச் சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் தேவை. 2,000-ஐ 50-ஆல் வகுத்தால் 40. நான்கைந்து பழத்தில் ஒரு ஆளின் 40 நாள் லாரித் தண்ணீர் இருக்கிறது.

3. ஒரு கன்டெய்னரில் 20 டன் பழம் ஏற்றினால் 4 கோடி லிட்டர். லாரிக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 2,190 பேருக்கு ஒரு வருடத் தண்ணீர். கப்பலில் போவது பழம் மட்டும் இல்லை, ஊர்த் தண்ணீரும்தான்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. நாம் சாப்பிடும் அரிசிக்கும் கிலோவுக்குச் சுமார் 2,500 லிட்டர் ஆகும் என்று உலக சராசரிக் கணக்கு சொல்கிறது. எந்தப் பயிரும் தண்ணீர் குடிக்கும். மழை நிறையப் பெய்கிற இடத்தில் அந்த 2,000 லிட்டரில் பெரும்பங்கை வானம் கொடுத்துவிடும். வறண்ட இடத்தில் அதை நிலத்தடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் பழம் கெட்டது என்பது நம் பாடம் இல்லை. எந்தத் தண்ணீர், யாருடைய தண்ணீர், யார் அனுமதி கொடுத்தது என்பதுதான் பாடம்.

வேலை கிடைத்ததே, அது நல்லதுதானே?

ஆமாம், கிடைத்தது. சிலியில் பழ ஏற்றுமதி வளர்ந்தபோது திராட்சைத் தோட்டம், பழம் தரம் பிரித்துப் பெட்டி போடும் ஷெட் என்று லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். பலருக்குத் தன் கையில் தன் சம்பளம் வந்தது அதுவே முதல் தடவை. அதைச் சின்ன விஷயம் என்று நாம் சொல்ல மாட்டோம். நமக்கே தெரியும், கையில் காசு இருந்தால் வீட்டில் பேச்சுக்கு மரியாதை.

ஆனால் அது சீசன் வேலை. அங்கே இவர்களை 'தெம்போரேரா', அதாவது தற்காலிகப் பெண் தொழிலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். கோடையில் சில மாதம் இரவு பகலாக வேலை, சீசன் முடிந்தால் வேலை இல்லை. பெட்டிக் கணக்கில் கூலி என்பதால் ஓய்வு எடுத்தால் கூலி குறையும். பூச்சிமருந்தால் உடம்பு கெடுகிறது என்று அந்தப் பெண்களும் அவர்கள் சங்கங்களும் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சொந்த நிலத்தில் தண்ணீர் இருந்தவரை, கூலி வேலை போனாலும் நிலம் இருந்தது. தண்ணீர் போன பிறகு கூலி வேலை மட்டுமே மிச்சம். தோட்டமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பெடோர்காவில் தண்ணீர் குறைந்ததும் சாகுபடி சிலியின் தெற்குப் பகுதிகளுக்குப் பரவியது. பக்கத்து நாடான பெரு, பட்டர் ப்ரூட் ஏற்றுமதியில் சிலியையே முந்திவிட்டது. முதலீடு போட்டவர் இடம் மாறலாம். ஊர் இடம் மாற முடியுமா?

மக்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. 2010-ல் பெடோர்காவில் 'மொடாடிமா' என்ற தண்ணீர் உரிமை இயக்கம் தொடங்கியது. அதன் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் ரோட்ரிகோ முந்தாகா, விவசாயம் படித்தவர். தண்ணீர்த் திருட்டை வெளியே சொன்னதற்காகக் கொலை மிரட்டல் வந்தது. 2019-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் அவருக்குச் சர்வதேச மனித உரிமை விருது கொடுத்தது. 2021-ல் பெடோர்கா அடங்கிய வல்பரைசோ மாநிலத்துக்கு மக்கள் அவரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதே ஆண்டு, பெடோர்கா நகராட்சியில் தண்ணீர்ப் பிரச்சினையைக் கவனித்து வந்த கரோலினா வில்செஸ் என்ற பெண், நாட்டின் புதிய அரசியல் சட்டத்தை எழுதும் சபைக்குத் தேர்வானார்.

போராட்டத்தில் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு.

- 2017-ல் டென்மார்க் நாட்டுப் பத்திரிகையாளர்கள் இந்தக் கதையை வெளியிட்டார்கள். ஐரோப்பியக் கடைகளில் கேள்வி எழுந்தது. சில கடைகள் பெடோர்கா பழத்தை வாங்குவதை நிறுத்தின.
- 2020-ல் கொரோனா வந்தது. கை கழுவு, கை கழுவு என்றார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுவது? லாரித் தண்ணீரை ஆளுக்கு 100 லிட்டராக உயர்த்தி ஓர் உத்தரவு போட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். வழக்கு நடந்தது. 2021-ல் சிலியின் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு 100 லிட்டர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.
- 2022 ஏப்ரலில் 1981 சட்டம் திருத்தப்பட்டது. குடிதண்ணீர் மனித உரிமை, அதற்கே முதல் இடம் என்று எழுதப்பட்டது. புதிதாகக் கொடுக்கும் உரிமைகள் காலவரம்பு இல்லாமல் அல்ல, 30 ஆண்டுக்குத்தான். ஆனால் ஏற்கெனவே எழுதி வாங்கிய பழைய உரிமைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.
- தண்ணீரைப் பொதுச் சொத்தாக்கும் புதிய அரசியல் சட்டம் 2022 செப்டம்பரில் ஓட்டுக்கு வந்தது. வேறு பல விஷயங்களும் அதில் இருந்தன. சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்ட தண்ணீரைத் திரும்ப வாங்க நாற்பது வருடமாகியும் முடியவில்லை. அதனால்தான் கையெழுத்துக்கு முன்னால் யோசிக்கச் சொல்கிறோம்.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் சிலி மாதிரி தண்ணீருக்குத் தனிப் பட்டா கிடையாது. ஆனால் யார் நிலமோ அவர் அடியில் இருக்கும் தண்ணீரை எடுக்கலாம் என்பதுதான் இன்னும் நடைமுறை. ஆகவே நிலத்தைக் குத்தகைக்கு எழுதும்போது, சொல்லாமலே தண்ணீரையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுக்கிறோம். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. நான் என் நிலத்தைக் கொடுத்தால் வற்றுவது உங்கள் கிணறாகவும் இருக்கலாம். அதனால் இது ஒரு குடும்பத்தின் முடிவு மட்டும் இல்லை.

யாராவது பழத்தோட்டத்துக்கு நிலம் கேட்டு வந்தால், இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்:

1. எத்தனை போர்? எத்தனை அடி? இதைப் பத்திரத்தில் எழுதுவீர்களா?
2. இன்னும் எத்தனை ஏக்கர் வாங்கப் போகிறீர்கள்? (மொத்த அளவு தெரியாமல் முதல் ஏக்கரைக் கொடுக்கக் கூடாது.)
3. ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு, மேல்நிலைத் தொட்டிக்கான போர், உங்கள் போரிலிருந்து எவ்வளவு தூரம்?
4. ஊர் போர் வற்றினால் உங்கள் மோட்டாரை நிறுத்துவீர்களா?
5. வருடத்தில் எத்தனை மாதம் வேலை? பெண்களுக்கு என்ன கூலி? மருந்து அடிக்கும் நாளில் என்ன பாதுகாப்பு?
6. குத்தகை முடியும்போது நிலத்தை எப்படித் திருப்பித் தருவீர்கள்?

கேள்வி கேட்டால் வருகிறவர் போய்விடுவாரோ என்ற பயம் வரும். நியாயமாகத் தொழில் செய்ய வருகிறவர் பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஊரில் உள்ள எல்லாக் கிணறு, போர்களின் பட்டியலை எடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். நாளைக்குப் பிரச்சினை வந்தால் "முன்னெல்லாம் தண்ணி இருந்துச்சுங்க" என்ற வாய்ப்பேச்சை விட இந்த நோட்டு பேசும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது நிர்ணயம். கிராமத் தண்ணீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டுதல். நம் ஊர்க் குழுவில் பெண்கள் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் கிராம சபை நாள்தான். அன்று உங்கள் நீர்மட்ட நோட்டோடு போங்கள்.

கூட்டத்தில் விவாதிக்க

1. பத்து வருடத்துக்கு முன் நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது? இப்போது எத்தனை அடி?
2. நம் ஊரிலிருந்து வெளியே போகும் விளைபொருட்கள் என்னென்ன? அவற்றில் எது மழையில் விளைகிறது, எது போர்த் தண்ணீரில் விளைகிறது?
3. ஆளுக்கு மூன்றேகால் குடம்தான் என்றால், உங்கள் வீட்டில் எந்த வேலையை முதலில் நிறுத்துவீர்கள்? அந்தச் சுமை யார் தலையில் விழும்?
4. நிலக் குத்தகை பற்றிய பேச்சு வந்தால், கையெழுத்துக்கு முன் குழுவில் சொல்லிக் கலந்து பேசுவது என்று தீர்மானம் போடலாமா?

விவாதித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உங்கள் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். நீர்மட்டம் அளக்கத் தொடங்கும் குழுக்கள் முதல் அளவையும் தேதியையும் தங்கள் ஊக்குநரிடம் கொடுத்தால், அடுத்த இதழில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.

— கள ஒருங்கிணைப்பாளர்